உணவு ஒவ்வாமை: கண்டுபிடிக்க, சோதிக்க, சமாளிக்க 32 குறிப்புகள்

இறால் ஒத்துக்கொள்ளாது, கத்தரிக்காய் கரப்பான் பண்டம், பால் குடித்தால் சளி பிடிக்கும் என்று நம் வீடுகளில் ஒரு விலக்குப் பட்டியல் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறது. அதில் பல, யாரும் சோதித்துப் பார்க்காமலே சேர்ந்தவை. மறுபக்கம், நிஜமாகவே உணவு ஒவ்வாமை வந்தவரை 'உடம்புச் சூடு' என்று சொல்லி, மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். காரணமில்லாமல் விலக்கினால் சத்துக் குறையும். காரணம் இருந்தும் அசட்டையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, ஆகாத உணவு எது என்பதை முறையாகக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த பிறகு, அந்த ஒன்றில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடையாளம் காண

1. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். உடனடி ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கி, 2 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதே உணவை மறுபடி சாப்பிட்டால் மறுபடியும் வரும். நேற்று மதியம் சாப்பிட்ட மீன் குழம்புக்கு இன்று மாலை உடம்பு அரிக்கிறது என்றால், மீன் மீது பழி போடும் முன் வேறு காரணங்களையும் யோசியுங்கள்.

2. கவனிக்க வேண்டியவை: திட்டுத் திட்டாகத் தடித்து அரிக்கும் காணாக்கடி, உதடு அல்லது கண் இமை வீக்கம், வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, விடாத இருமல், இளைப்பு, குரல் கம்முதல், தலைசுற்றல். தோலில் எதுவும் தெரியாமல் மூச்சும் ரத்த அழுத்தமும் மட்டும் பாதிக்கப்படுவதும் உண்டு. 'தடிப்பு இல்லையே' என்று நிம்மதியடைய வேண்டாம்.

3. தாமதமாக வருபவையும் உண்டு. புதிதாக ஓர் உணவைச் சாப்பிட்ட கைக்குழந்தை, 1 முதல் 4 மணி நேரம் கழித்துத் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளிறித் துவண்டுபோனால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மலத்தில் ரத்தக் கீற்று தெரிந்தாலும் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வகை ஒவ்வாமைகள் வழக்கமான தோல், ரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலும் தெரியாது.

4. பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிற எல்லோருக்கும் பால் அலர்ஜி இல்லை. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, வளர்ந்த பிறகு பலருக்குக் குறைந்துவிடுகிறது. இவர்களுக்குத் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாமை வேறு. அதில் பாலின் புரதத்தையே நோய் எதிர்ப்பு அமைப்பு எதிரியாக எடுத்துக்கொள்கிறது. ஒரு கரண்டி மோர்கூட ஆகாமல் போகலாம்.

5. கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் நாக்கை அரித்தால் அது ஒவ்வாமை அல்ல. கிழங்கில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் குத்துவதால் வரும் நமைச்சல் அது. புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் அடங்கும்.

6. சூரை, மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால், பாக்டீரியாக்களால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும். குழம்பை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. அதே மீனைச் சாப்பிட்ட பலருக்கும் வந்தால் மீன் கெட்டது என்று பொருள். நல்ல மீனிலும், ஒருவருக்கு மட்டும், ஒவ்வொரு முறையும் வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம்.

7. ஒரு பழத்தையோ காயையோ பச்சையாகத் தின்றால் வாய் அரிக்கிறது, சமைத்தால் ஒன்றுமில்லை என்றால், மகரந்த ஒவ்வாமையோடு அது சேர்ந்து வந்திருக்கலாம். வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ சாப்பிட்டால் அரிப்பும், பலூன் ஊதினால் உதடு வீக்கமும் வருகிறவருக்கு ரப்பர் ஒவ்வாமை இருக்கக்கூடும். பல் பிடுங்கும் முன்பும், அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

8. உணவு மட்டும் போதாமல், கூட ஒன்று சேர்ந்தால் வரும் ஒவ்வாமையும் உண்டு. சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. அதே சப்பாத்தியைச் சாப்பிட்டுவிட்டு ஓடினாலோ, விளையாடினாலோ உடம்பெல்லாம் தடித்து மயக்கம் வரும். வலி மாத்திரை, மது, காய்ச்சல் ஆகியவையும் இப்படித் தூண்டிவிடலாம். சாப்பிட்டதோடு, அதற்குப் பிறகு செய்ததையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

9. ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது, எப்போது அடங்கியது, என்ன மருந்து கொடுத்தது என்று எழுதுங்கள். தடிப்பு மருத்துவரிடம் போவதற்குள் மறைந்துவிடும். அதனால் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பாக்கெட் உணவு என்றால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது

10. நீங்கள் சொல்லும் விவரம்தான் முதல் பரிசோதனை. ஒவ்வாமை வந்ததாக நினைக்கும் சம்பவத்துக்குப் பிறகு அதே உணவை வழக்கமான அளவில் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், அதையும் சொல்லுங்கள். சோதனையே தேவைப்படாமல் போகலாம். அலர்ஜி சிறப்பு மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால், குழந்தை நல மருத்துவர் அல்லது தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் வழிகாட்டும் இடத்துக்குப் போங்கள்.

11. தோல் குத்துப் பரிசோதனைக்குப் பயப்பட வேண்டாம். முன்கையின் உட்புறத்தில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு உணவுச் சாறு வைப்பார்கள். அந்தச் சொட்டின் வழியாகச் சிறு முனையால் தோலை லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வராது. ஒப்பிட்டுப் பார்க்க ஓரிடத்தில் உப்புநீரும், ஓரிடத்தில் ஹிஸ்டமினும் இருக்கும். 15 முதல் 20 நிமிடத்தில், கொசு கடித்தது போல எங்கே தடிக்கிறது என்று அளவுகோல் வைத்து அளப்பார்கள். உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தால் 'பாசிட்டிவ்'. சில காய், பழங்களுக்கு அந்தக் காயையே குத்திவிட்டு, அதே முனையால் தோலைக் குத்திப் பார்ப்பதும் உண்டு. எனவே எதைக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

12. செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகள் தோல் பரிசோதனையின் முடிவை மறைத்துவிடும். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில சளி, இருமல் மருந்துகளிலும் இவை கலந்திருக்கும். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

13. மாத்திரையை நிறுத்த முடியாதவருக்கும், உடம்பெங்கும் கரப்பான் உள்ள குழந்தைக்கும் ரத்தப் பரிசோதனை ஏற்றது. குறிப்பிட்ட உணவுக்கு எதிரான ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்பொருள் எவ்வளவு என்று அதில் பார்ப்பார்கள். 1921-ல் ஜெர்மனியில் பிராஸ்னிட்ஸ் என்ற மருத்துவர், மீன் ஒத்துக்கொள்ளாத சக மருத்துவர் கூஸ்ட்னரின் ரத்தத் தெளிநீரைத் தன் தோலில் செலுத்தினார். பிறகு மீன் சாறு பட்டதும் அந்த இடம் தடித்தது. தெளிநீரில் இருந்த அந்தப் பொருள்தான் 1960-களில் ஐஜிஇ என்று அடையாளம் காணப்பட்டது. 'மொத்த ஐஜிஇ' மட்டும் அதிகமாக இருப்பதை வைத்து உணவு ஒவ்வாமை என்று முடிவு கட்டாதீர்கள். குடல் புழு இருந்தாலும், ஆஸ்துமா இருந்தாலும் அது ஏறும்.

14. 'பாசிட்டிவ்' என்றால் ஒவ்வாமை உறுதி என்று அர்த்தமில்லை. பெங்களூரு, மைசூரு பகுதிப் பெரியவர்களிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தவர்கள் சுமார் 26 சதவீதம். ஆனால் ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் 1 சதவீதத்தை ஒட்டித்தான். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உணவை, வெறும் ரிப்போர்ட்டைப் பார்த்து நிறுத்தாதீர்கள்.

15. அதனால்தான் சந்தேகமுள்ள உணவை மட்டும் சோதிக்கச் சொல்கிறார்கள். 'நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே சோதனை' என்ற விளம்பரத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள். முக்கியமாக, ஐஜிஜி சோதனையும் தலைமுடிச் சோதனையும் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க உதவாது. ஐஜிஜி என்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதை மட்டுமே காட்டும்.

16. சந்தேகம் தீர்க்கும் கடைசிச் சோதனை, மருத்துவமனையில் வைத்துச் சாப்பிட்டுப் பார்ப்பது. மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இடைவெளி விட்டு, படிப்படியாகக் கூட்டுவார்கள். அவசர மருந்து பக்கத்திலேயே இருக்கும். 'கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்ப்போம்' என்று வீட்டில் செய்து பார்ப்பது இதற்கு மாற்றல்ல.

17. சில வாரங்கள் ஓர் உணவை நிறுத்திப் பார்க்கச் சொன்னால், மறுபடி எப்போது, எங்கே வைத்துத் தொடங்குவது என்பதையும் அப்போதே கேளுங்கள். கரப்பான் உள்ள குழந்தைக்குப் பால், முட்டையை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திடீரென்று கொடுத்தால், முன்பு இல்லாத கடுமையான ஒவ்வாமை வரக்கூடும்.

அவசர நேரத்தில்

18. ஆகாத உணவைச் சாப்பிட்டபின் மூச்சுத் திணறல், இளைப்பு, குரல் மாற்றம், நாக்கு வீக்கம், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும், அல்லது தடிப்போடு சேர்ந்து விடாத வாந்தி வந்தாலும், அது அனஃபிலாக்சிஸ் எனப்படும் கடும் ஒவ்வாமை. காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். 'அலர்ஜி, மூச்சு விட முடியவில்லை' என்று முதலிலேயே சொல்லுங்கள்.

19. உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில் தசைக்குள் போட வேண்டும். பெரியவருக்கு வழக்கமாக 0.5 மி.கி.; குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மி.கி. என்ற கணக்கு. 5 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை போடலாம். தானாகக் குத்தும் பேனா நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில்லை. கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆம்பூலும் சிரிஞ்சும் கொடுத்து, எவ்வளவு இழுப்பது, எப்படிப் போடுவது என்று சொல்லித்தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொன்ன அளவைச் சிரிஞ்சில் கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

20. அவில், செட்டிரிசின் மாத்திரைகள் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். மூச்சுக்குழாய் வீக்கத்தையோ, இறங்கும் ரத்த அழுத்தத்தையோ சரிசெய்யாது. மாத்திரை போட்டுவிட்டு 'பார்க்கலாம்' என்று காத்திருந்த நேரத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பார்கள். உணவு ஒவ்வாமைக்கு அந்த மிளகு உதவாது. அருகம்புல் சாறும் அப்படியே. மூச்சுத் திணறுகிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

21. பாதிக்கப்பட்டவரை மல்லாக்கப் படுக்க வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரட்டும். தானே எழுந்து நடந்து ஆட்டோ ஏற விடாதீர்கள். திடீரென்று எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுபோகலாம்.

22. ஊசி போட்டுத் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரும். மருத்துவர் சொல்லும் வரை கண்காணிப்பில் இருங்கள்.

சமையலறையிலும் கடையிலும்

23. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 2020-ம் ஆண்டின் இந்திய உணவு லேபிள் விதிகளின்படி பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி-பாதாம் போன்ற பருப்புகள், சோயா, கோதுமை போன்ற குளுட்டன் தானியங்கள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்ஃபைட் ஆகியவை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும். எள்ளும் கடுகும் இந்தப் பட்டியலில் இல்லை. எள் ஆகாதவர்கள் முழுப் பொருள் பட்டியலையும் படித்தே தீர வேண்டும். பச்சைக் குறி இருந்தால் முட்டை இல்லை என்று கொள்ளலாம், பால் இருக்கலாம்.

24. நம் சமையலில் ஒளிந்திருப்பவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை அல்லது மைதா சேர்ப்பது வழக்கம். இட்லிப் பொடியிலும் புளியோதரையிலும் எள், ஓட்டல் சட்னியில் வேர்க்கடலை, வெள்ளைக் குருமாவில் முந்திரி, சத்துமாவில் பருப்பு வகைகள், சோயா சாஸில் கோதுமை இருக்கும். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் புரதம் தங்கியிருக்கும் என்பதால் வேர்க்கடலை, எள் ஆகாதவருக்கு அவையும் ஆகாது.

25. ஒன்று ஆகாவிட்டால் உறவான மற்றதும் ஆகாமல் போகலாம். இறால் ஆகாதவர்கள் நண்டு, சிங்கி இறாலையும் சோதித்த பிறகே தொட வேண்டும். முந்திரி ஆகாதவருக்குப் பிஸ்தாவும் பெரும்பாலும் ஆகாது. ஆனால் இறால் ஆகாததால் மீனையும் நிறுத்தத் தேவையில்லை. இரண்டின் புரதமும் வேறு. வேர்க்கடலை ஆகாததால் துவரை, பாசிப்பருப்பை எல்லாம் ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

26. பசும்பால் ஆகாத குழந்தைக்கு ஆட்டுப்பால், எருமைப்பால், ஏ2 பால் எதுவும் மாற்றாகாது; புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். லாக்டோஸ் நீக்கிய பாலும் அப்படியே. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தாய் பாலை விலக்க வேண்டுமா, குழந்தைக்குத் தனிப் பால் மாவு வேண்டுமா என்பதை மருத்துவரே சொல்லட்டும். விலக்கச் சொன்னால் தாய்க்குக் கால்சியத்துக்கு வழி கேளுங்கள்.

27. முட்டை தோசை ஊற்றிய கல்லில், அதே தோசைத் திருப்பியால் குழந்தையின் தோசையை எடுக்காதீர்கள். ஆகாதவருக்கு முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டு, பிறகு மற்றதைச் செய்யுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். இறால் வேகும் ஆவியே சிலருக்கு இளைப்பை உண்டாக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேர்க்கடலைப் புரதத்தைச் சானிடைசர் நீக்குவதில்லை.

28. விருந்திலும் ஓட்டலிலும் 'காரம் வேண்டாம்' என்கிற தொனியில் கேட்டால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 'இதில் முந்திரி அரைத்து ஊற்றியிருக்கிறீர்களா? சாப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும்' என்று சமைத்தவரிடமே கேளுங்கள். பள்ளியில் வகுப்பாசிரியரிடம் மட்டுமல்ல, சத்துணவு, காலை உணவு பொறுப்பாளரிடமும் எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதிய ஓர் அட்டையில் ஆகாத உணவு, அறிகுறி, மருந்து, பெற்றோர் எண் இருக்கட்டும்.

சிகிச்சையும் வருங்காலமும்

29. பயந்துபோய்ப் புது உணவுகளைத் தள்ளிப் போடாதீர்கள். லண்டனில் கிடியன் லாக் குழுவினர் 640 கைக்குழந்தைகளை வைத்து நடத்தி, 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 11 மாதத்துக்குள் தொடங்கி 5 வயது வரை வேர்க்கடலை சாப்பிட்ட குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. ஆறு மாதம் நிறைந்து இணை உணவு தொடங்கும்போது, நன்றாக வெந்த முட்டையையும், நைசாகப் பொடித்துக் கஞ்சியில் கலந்த வேர்க்கடலையையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பழக்கலாம். முழுக் கடலை கூடவே கூடாது; தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடுமையான கரப்பானோ, முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

30. பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர மாறிவிடும். வேர்க்கடலையில் ஐந்தில் ஒருவருக்குத்தான் மாறும். இறால், மீன் பெரும்பாலும் ஆயுளுக்கும் தொடரும். ஆகவே மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபரிசோதனை செய்யுங்கள். கேக், பிஸ்கட்டில் நன்றாக வெந்த முட்டையையும் பாலையும் ஏற்கும் குழந்தைகள் பலர் உண்டு. அதையும் மருத்துவர் முன்னிலையில் சோதித்துத்தான் தொடங்க வேண்டும். இறால் ஆகாது என்பதற்காக ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்துக்குப் பயப்படவோ, முட்டை ஆகாது என்பதற்காகத் தட்டம்மைத் தடுப்பூசியைத் தவிர்க்கவோ தேவையில்லை.

31. ஆகாத உணவையே துளித் துளியாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்டு. அமெரிக்காவில் 2020-ல் வேர்க்கடலைக்கென்று ஒரு மருந்தும், 2024-ல் உணவு ஒவ்வாமைக்கு ஒமலிசுமாப் ஊசியும் அனுமதி பெற்றன. ஆகாத உணவு தவறுதலாக வாயில் பட்டால் வரும் ஆபத்தைக் குறைப்பவை இவை. நோயை அடியோடு நீக்குபவை அல்ல. துளித் துளியாகப் பழக்கும் முறையை வீட்டு வைத்தியமாக முயன்று பார்ப்பது உயிரோடு விளையாடுவது. ஆஸ்துமா இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள். இளைப்பு உள்ளவருக்கு உணவு ஒவ்வாமை கடுமையாகத் தாக்கும்.

32. கடும் ஒவ்வாமையால் அதிகம் ஆபத்துக்குள்ளாவது விடலைப் பருவத்தினரும் இளைஞர்களும். வீட்டில் அம்மா பார்த்துக்கொள்வார். நண்பர்களோடு பரோட்டாக் கடையில் நிற்கும்போது யார் பார்ப்பது? 'எனக்கு இது ஆகாது' என்று வெட்கப்படாமல் சொல்லவும், லேபிள் படிக்கவும், மருந்துப் பையை எடுத்துச் செல்லவும் சிறுவயதிலேயே பழக்குங்கள். மாதம் ஒரு முறை ஊசியின் காலாவதித் தேதியைப் பிள்ளையையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஊசி எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்பது கூடவே சுற்றும் இரண்டு நண்பர்களுக்காவது தெரிந்திருக்கட்டும்.